நாற்பத்தோராம் பக்கத்துத் திருத்தம்

காலை பத்து மணிக்கு மேலாளர் அவள் மேசைக்கே வந்து நின்றார். வழக்கமாக ஆள் விட்டுத்தான் கூப்பிடுவார்.

"நாற்பத்தோராம் பக்கத்தை உடனே திருத்திடுங்க. பதினோரு மணிக்குள்ள ஏறிடணும்."

புரோகிராமர்கள் பார்த்து எழுதும் கையேடுகளைச் சரிபார்ப்பதுதான் அவள் வேலை. பக்கத்தைத் திறந்தாள். 'கோப்பானாலும் நெட்வொர்க்கானாலும், ஒருமுறை படித்தாலே கேட்ட அளவு தரவு முழுதும் கிடைத்துவிடும்' என்றிருந்தது. நெட்வொர்க்குக்கு அது பொருந்தாது. கோப்பு தொட்டித் தண்ணீர் மாதிரி. குவளையை முக்கினால் நிறைந்து வரும். நெட்வொர்க் குழாய்த் தண்ணீர். வந்தது வந்த மட்டும்தான். நிறையும்வரை குவளையைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

"இதனாலதான் அந்த லேப் ரிப்போர்ட்டெல்லாம் பாதியில அறுந்துச்சா சார்?"

"நீங்க திருத்துங்க. மேல இருக்கிற திருத்தத் தேதியை மாத்தாதீங்க. திருத்தப் பட்டியல்லயும் ஏத்த வேண்டாம்."

"எப்பவும் ஏத்துவோமே சார்."

"ஒரு வரிக்கு எதுக்கு இவ்வளவு மெனக்கெடுறீங்க?" என்றவர், இரண்டடி போய்த் திரும்பினார். "உங்க கான்ட்ராக்டைப் புதுப்பிக்கிற பேப்பர் என் மேசைமேலதான் கிடக்கு. மத்தியானம் கையெழுத்துப் போட்டுடறேன்."

லேபிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகும் ரத்தப் பரிசோதனை முடிவுகள் போன வாரம் வழியிலேயே அறுந்தன. ஒரு பெண்ணுக்கு வரவேண்டிய கடைசி மூன்று வரி போய்ச் சேரவில்லை. வந்தவரைக்கும் பார்த்து டாக்டர் மருந்து கொடுத்துவிட்டார். அந்தப் பெண் இன்னும் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கிறாள். அந்த முடிவுகளை வாங்கும் புரோகிராமை எழுதியவனுக்குப் பதினோரு மணிக்கு விசாரணை.

அவனும் கான்ட்ராக்ட் ஆள்தான். பூட்டிய கதவைத் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பவன் என்பதால் ஆபீஸில் எல்லோருக்கும் அவன் 'ரெண்டுதரம்'. நாலு மாதம் முன்பு இதே பக்கத்தை லேப்டாப்பில் திறந்துகொண்டு வந்து அவள் மேசையோரம் நின்றான்.

"அக்கா, நெட்வொர்க்குக்கும் ஒரு தடவை படிச்சாப் போதுமா?"

தலைக்குமேல் வேலை கிடந்தது. நிமிராமலே சொன்னாள். "கையேட்டுல போட்டிருக்குல்ல தம்பி, போதும்."

"நிச்சயமா போதுமாக்கா?"

"போதும்பா!" என்று சிரித்தாள். அவனும் சிரித்துக்கொண்டே போனான்.

இப்போது விரல்கள் சாவிப்பலகைமேல் நின்றன. கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து, காலில் மாவுக்கட்டோடு வீட்டில் படுத்திருக்கும் கணவன் நினைவுக்கு வந்தான். இரண்டு மாதமாக அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது.

எழுதினாள். 'நெட்வொர்க்கிலிருந்து ஒருமுறை படிக்கும்போது கேட்டதைவிடக் குறைவாகவும் வரலாம். முழுதும் வந்து சேரும்வரை மீண்டும் மீண்டும் படிக்க வேண்டும்.' திருத்தப் பட்டியலைத் தொடவில்லை. பத்தே முக்காலுக்குப் பக்கம் ஏறியது. மேலே இரண்டு வருடத்துக்கு முந்தைய தேதி அப்படியே இருந்தது.

பதினொன்று பத்துக்கு, பக்கத்தைத் திரையில் காட்ட அவளையே விசாரணை அறைக்குக் கூப்பிட்டார்கள். நீள மேசைக்குப் பின்னால் அதிகாரிகள் இருவர்; பக்கத்தில் மேலாளர். கோடியில் ஒரு வயதான அம்மாள், பேசுவதையெல்லாம் கணினியில் தட்டிக்கொண்டிருந்தார். எதிரே ரெண்டுதரம், கழுத்துப் பொத்தானையும் போட்டுக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான்.

"படிங்க" என்றார் பெரிய அதிகாரி, அவனைப் பார்த்து.

படித்துக்கொண்டே வந்தவன் உதடு பாதியில் நின்றது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி படித்தான்.

"இது இப்படி இல்ல சார். நான் பாத்தப்ப..."

"தேதியைப் பாருங்க. ரெண்டு வருஷமா இப்படித்தான் இருக்கு" என்றார் அதிகாரி.

"நான் கேட்டேன் சார். இந்த அக்காகிட்டயே ரெண்டு தடவை கேட்டேன்." அவள் பக்கம் திரும்பினான். அந்தப் பார்வையில் கோபமில்லை. மூன்றாவது தடவையும் கேட்க வந்தவன் போலத்தான் பார்த்தான்.

"நீங்க போலாம்மா" என்றார் மேலாளர்.

அவள் நகரவில்லை.

"அந்த வரி நான் எழுதினது சார்."

"எப்போ?"

"இன்னைக்குக் காலையில. அதுக்கு முன்னாடி இருந்தது தப்பு. அதைப் பாத்துத்தான் அவர் புரோகிராம் எழுதினார். கேட்டப்ப நானும் சரின்னுதான் சொன்னேன்."

மேலாளர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கோடியிலிருந்த அம்மாள் தலை நிமிர்ந்தார்.

"சார், இதையும் டைப் அடிக்கவா?"

பெரிய அதிகாரி கையிலிருந்த தாளைப் புரட்டினார். "அடுத்த கேள்விக்கு வருவோம்."

அந்த அம்மாள் இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அடுத்த கேள்வி தொடங்கிய பிறகுதான் சாவிகளின் சத்தம் மறுபடி கேட்டது.