மாத்திரை எனக்கு, சைக்கிள் உனக்கு

பதினாறு வருடம் ஒரு நாய்க்குட்டியைக்கூட இடிக்காமல் பஸ் ஓட்டியவரைக் கடைசியில் தொப்பை மடக்கியது. அதற்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவில் ஒரு கைக்குட்டைகூட நுழையாது. கம்பெனி டாக்டரம்மா முகத்தில் அடித்தாற்போலச் சொல்லிவிட்டார்.

"மூணு மாசம் டைம் தரேன். டிரெட்மில் பெல்ட்ல பத்து நிமிஷம் ஓடித் தாக்குப் பிடிக்கணும். இல்லன்னா டிப்போ ஸ்டோர் ரூம்தான்."

ஸ்டோர் ரூம் என்றால் என்னவென்று டிரைவருக்குத் தெரியும். அங்கே போனவன் பழைய டயரோடு டயராகக் கிடக்க வேண்டியதுதான்.

டாக்டரம்மாவே குண்டானவர்களுக்கு ஒரு திட்டம் நடத்திக்கொண்டிருந்தார். வாரம் நான்கு நாள் மூச்சு முட்ட சைக்கிள் மிதிக்க வேண்டும். தினம் இரண்டு ஆன்டிஆக்ஸிடென்ட் கேப்சூல் விழுங்க வேண்டும். டிரைவரோடு மனைவியும் பெயர் கொடுத்தாள். எடையில் அவளும் அவருக்குச் சளைத்தவள் இல்லை. ஆளுக்கொரு டப்பா கொடுத்தார்கள். மிதிப்பதைக் கணக்கெடுக்க ஆளுக்கொரு கைப்பட்டை. நகராத சைக்கிள் ஒன்று வீட்டுக்கே வந்து இறங்கியது.

அந்த வீட்டில் எந்த வேலையும் பங்குதான். அவள் துவைத்தால் அவர் உலர்த்துவார்; அவர் காய் வாங்கினால் அவள் நறுக்குவாள். இதற்கும் அவர் ஒரு பங்கு பிரித்தார்.

"ரெண்டையும் சேர்த்துச் செய்யணும்னு சொன்னாங்கல்ல? நான் முழுங்குறேன், நீ மிதி."

"உங்க பட்டையை என்ன பண்றது?"

"அதையும் நீயே கட்டிக்க. நீ வேற நான் வேறயா?"

அவள் இரண்டு கையிலும் பட்டை கட்டிக்கொண்டு வியர்த்துக் கொட்ட மிதித்தாள். அவர் நான்கு கேப்சூலையும் விழுங்கிவிட்டு, நாற்காலியில் சாய்ந்தபடி, "இன்னும் வேகமா!" என்று ஊக்கம் கொடுத்தார். நோகாமல் நோன்பு கும்பிடுவதில் மனிதர் மன்னன்.

மூன்று மாதம் முடிந்தது. டாக்டரம்மா கணினியைப் பார்த்துப் பூரித்துப் போனார். "உங்க ரெண்டு பேர் அளவுக்கு வேற யாருமே மிதிக்கல சார்!"

டிரைவர் கூச்சமே இல்லாமல் சிரித்தார். பெல்டில் ஏற்றினார்கள். இரண்டாவது நிமிடமே கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "நிறுத்துங்க, நிறுத்துங்க!" என்று அலறினார். எடையும் இரண்டு கிலோ ஏறியிருந்தது. அடுத்து ஏறிய மனைவி இருபது நிமிடம் ஓடிவிட்டுத் தண்ணீர் கேட்டாள்.

டாக்டரம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மனைவிதான் போட்டு உடைத்தாள்.

"நான் ஒரு கேப்சூல்கூட சாப்பிடல டாக்டர். இவர் ஒரு மிதிகூட மிதிக்கல."

"அட ராமா! மிதிக்கிறவங்களுக்கே அந்தக் கேப்சூல் உதவுதா, கெடுக்குதான்னுதானே நாங்க மூணு மாசமா பாத்துட்டிருக்கோம்!"

கொடுத்தவருக்கே தெரியாது என்பது டிரைவருக்கு அப்போதுதான் தெரிந்தது. ஆனால் அவருடைய தாளில் 'தகுதியில்லை' என்று எழுத மட்டும் டாக்டரம்மாவுக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை.

வீடு திரும்ப அவர் ஓட்டிய தடத்துப் பஸ்ஸே வந்தது. ஸ்டியரிங்கில் வேறொருவன். உள்ளே நல்ல கூட்டம். ஒரே ஓர் இடம் காலியானது.

"நீ உக்காரு," என்றார்.

"நீங்க உக்காருங்க. என்னால நிக்க முடியும்."

அவள் குரலில் குத்தல் துளியும் இல்லை. அதுதான் அவரால் தாங்க முடியவில்லை. வீம்புக்கு நின்றார். முதல் வளைவிலேயே தடுமாறி அவள் தோளைப் பிடித்தார். பிறகு உட்கார்ந்துகொண்டார்.