ஹேமநாதன் ஆபீஸ் பெண்

ஆடி பிறக்க இன்னும் நாற்பத்து நான்கு மணி நேரம் இருந்தது. ஹேமநாதன் போனில் அதைக் கணக்குப் போட்டே சொன்னான்.

"இன்னா பாப்பா, தூங்கிகினு கீறியா? இன்னிக்கு, நாளைக்கு, அவ்ளோதான். நாளன்னிக்குக் காலைல ஆடி. ஆடி பொறந்துச்சுன்னா உன் ஊட்டு வாசப்படிய நாய்கூட மோந்து பாக்காது."

"சரிண்ணா," என்றாள் பவித்ரா.

"நாளைக்குப் பத்தரைக்கு வந்து பாண்டியனுக்குக் கையெழுத்தப் போட்டுட்டு நீ பாட்டுக்கு புனே கெளம்பு. இந்த மாதிரி பார்ட்டி கெடைக்க நீ குடுத்து வச்சிருக்கணும். எல்லாந் தெரிஞ்சும் வாங்கறான் பாரு."

"சரிண்ணா."

வாயில் வருவது 'அண்ணா'. மனதுக்குள் அவள் அவனை ஒருநாளும் அப்படி அழைத்ததில்லை. வீட்டு புரோக்கரான அவனுடைய விசிட்டிங் கார்டில் பிள்ளையாருக்குக் கீழே 'நேர்மையே எங்கள் மூலதனம்' என்று போட்டிருக்கும். கெட்டிக்காரன். மூலதனத்தில் கைவைக்கக் கூடாது என்று இன்றுவரை அதைத் தொட்டதே இல்லை.

பருத்திப்பட்டில் ஏரிக்குப் பின்னால் இருக்கும் அந்த வீடு அவளுடைய அம்மா வரலட்சுமி கட்டியது. போன ஐப்பசியில் அம்மா ஹாலில் உட்கார்ந்து புடவை மடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். ஆம்புலன்ஸ் தெருமுனை திரும்பும்போதே எல்லாம் முடிந்திருந்தது. அப்பா இல்லை, கூடப் பிறந்தவர்களும் இல்லை. வீடு பவித்ராவின் பெயருக்கு வந்தது. அவள் அம்பத்தூரில் ஒரு பெயிண்ட் கம்பெனி லேபில் வேலை செய்கிறாள். எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. பெயிண்ட்டின் நல்ல குணம், அதனிடம் யாரும் பேச வேண்டியதில்லை. புனேயில் ஆராய்ச்சி படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. ஆடி பத்தாம் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும். அதற்குள் வீட்டை விற்றாக வேண்டும். பூட்டிப்போட்டுவிட்டுப் போனால் திரும்பி வரும்போது வீடு யார் பெயரில் இருக்கும் என்று சொல்ல முடியாத காலம்.

சித்திரையில் சாவியை வாங்கும்போது ஹேமநாதன் கேட்ட முதல் கேள்வி, "ஊட்ல சாவு எதுனா உண்டா?"

அவள் உண்மையைச் சொன்னாள். அதுதான் அவள் செய்த தப்பு. அவன் நாக்கைச் சப்புக்கொட்டி, கூரையை ஒருமுறை பார்த்து, "இத வெளிய உட்டுடாத பாப்பா. பார்ட்டி காதுல உழுந்துச்சுன்னா கோடவுனுக்குக்கூட எடுக்க மாட்டான்" என்றான். அன்றிலிருந்து அம்மாவின் சாவு அவனுடைய சரக்காகிவிட்டது. விலையைக் கொஞ்சம் இறக்க வேண்டும் என்றால் அதை எடுத்து ஒரு தடவை காட்டுவான். அவள் 'சரிண்ணா' என்பாள். விலை இறங்கும்.

அந்தத் தெருவில் யாருமே சாகாத கட்டடம் என்றால் போன வருஷம் முடித்த ஃப்ளாட் ஒன்றுதான். அதன் லிஃப்ட் இருக்கும் லட்சணத்துக்கு அதுவும் ரொம்ப நாள் தாங்காது. இதையெல்லாம் பவித்ரா மனதுக்குள் அழகாகப் பேசுவாள். வெளியே வரும்போது ஒற்றைச் சொல்லாகச் சுருங்கிவிடும்.

மூன்று மாதத்தில் நான்கு பார்ட்டியைக் கூட்டிவந்தான். நான்கு பேரும் ஏரிக்கொசு என்றார்கள். நான்கு பேரும் தென்மேற்கு மூலையில் டாய்லெட் என்றார்கள். கடைசியாக நான்கு பேரும் நெஞ்சைத் தடவிக்கொண்டு, "என்னமோ மனசுக்குப் புடிக்கல" என்றார்கள். ஒரே வாத்தியாரிடம் பாடம் கேட்ட பிள்ளைகள். அவர்களில் ஒருவர் பாத்ரூமுக்குப் போனார். அந்தக் கதவைக் கொஞ்சம் தூக்கிச் சாத்தினால்தான் தாழ் விழும். அது வீட்டுக்காரர்களுக்கு மட்டுமே தெரிந்த விஷயம். வீட்டை முதன்முதலாகப் பார்க்க வந்த மனிதர் அதை அலட்டிக்கொள்ளாமல் தூக்கிச் சாத்தினார்.

பவித்ரா அதைப் பார்த்தாள். இவர் ஹேமநாதனுடைய ஆள் என்று புரிந்துகொண்டாள். அவர் வெளியே வந்ததும், "தண்ணி வேணுமா சார்?" என்று கேட்டாள்.

இப்போது பாண்டியன். அவன் ஹேமநாதனுடைய மச்சான் என்பது ஆவடி முழுக்கத் தெரியும். ஹேமநாதன் மட்டும் அவனைப் 'பார்ட்டி' என்பான்.

போனை வைத்துவிட்டு அவள் அம்பத்தூரில் பஸ் ஏறினாள். கையெழுத்துப் போடுவதற்கு முன் பரணில் மிச்சமிருந்த பாத்திரங்களை எடுத்துவிட வேண்டும். ஆவடியில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்து, தன்னிடமிருந்த சாவியைப் போட்டுக் கதவைத் திறந்தாள்.

நிலைப்படியில் புது மஞ்சள். மூன்று பொட்டு குங்குமம். மேலே மாவிலைத் தோரணம், இன்னும் பச்சை போகவில்லை.

ஹாலில் மூன்று செங்கல். நடுவே கரி, பாதி எரிந்த சுள்ளி. தரையில் கிழக்குப் பக்கமாகப் பால் பொங்கி வழிந்த தடம். அவள் குனிந்து விரலால் தொட்டுப் பார்த்தாள். ஓரம் காய்ந்து பொருக்கு தட்டியிருந்தது. நடுவில் இன்னும் பிசுபிசுப்பு. நேற்றுக் காலை.

வாடகைக்கு வருகிறவர்கள்கூட வீடு தங்களுக்குத்தான் என்று உறுதியான பிறகே பால் காய்ச்சுவார்கள். தன்னுடையதாகாத வீட்டில் யாரும் அடுப்பு மூட்டுவதில்லை. அப்படியென்றால் வீடு ஏற்கெனவே விலைபோய்விட்டது. வீட்டுக்காரிக்குத்தான் தகவல் வரவில்லை.

அந்தச் செங்கற்கள் இருந்தது அம்மா சாய்ந்த இடம். அவள், வேறென்ன செய்வது என்று தெரியாமல், துடைப்பத்தை எடுத்துச் சாம்பலைக் கூட்ட ஆரம்பித்தாள்.

கேட் சத்தம் கேட்டது. இரண்டு பெண்கள் உரிமையோடு உள்ளே வந்தார்கள். முன்னால் வந்தவளுக்கு முப்பது வயதிருக்கும், கையில் அளவு டேப். பின்னால் அவளுடைய மாமியார், வெற்றிலை வாய்.

"யாரும்மா நீ?" என்றாள் மாமியார். துடைப்பத்தைப் பார்த்ததும் அவளுக்கே பதில் கிடைத்துவிட்டது. "ஓ, ஹேமநாதன் ஆபீஸ் பொண்ணா? பெருக்க அனுப்பிச்சாரா? நல்ல மன்சன். அந்தச் செங்கல்ல மட்டும் கைய வைக்காத, மூணு நாளு இருக்கட்டும்."

பவித்ரா வாயைத் திறந்தாள். அதற்குள் தலை தானாக ஆடிவிட்டது.

"நான் துலுக்கானம். இவ எம் மருமவ கார்த்திகா. கோவில்பதாகைல வாடகைக்கு கீறோம். ஊட்டுக்காரன் காலி பண்ணுன்னுட்டான். ஆடி வந்தா ஒரு மாசம் எதையும் தொட முடியாதா, அதான் பத்திரம் அப்பறம் ஆவட்டும், ஆனியிலயே பாலக் காய்ச்சிடறேன்னு ஒத்தக் கால்ல நின்னேன். உங்க சாரும் பெரிய மனசு பண்ணி தொறந்து உட்டாரு."

பெரிய மனசு. அடுத்தவள் வீட்டுக் கதவைத் திறந்துவிட எவ்வளவு பெரிய மனசு வேண்டும்!

கார்த்திகா ஜன்னலுக்குத் திரைச்சீலை அளவெடுத்துக்கொண்டே சொன்னாள். "அக்ரிமென்ட் முடிஞ்சப்பறம் காய்ச்சலாம் அத்தன்னு சொன்னேன். கேட்டாத்தானே?"

"ஏன், இன்னும் போடலையா?" என்றாள் பவித்ரா. குரல் மெலிதாக வந்தது.

"உனக்குத் தெரியாதா? நாளைக்குக் காலைல ஓனர்கிட்டருந்து பாண்டியன் சார் எழுதி வாங்கறாரு. சாயங்காலம் அவர் எங்களுக்கு எழுதிக் குடுக்கறாரு. அட்வான்ஸ் போன வாரமே குடுத்துட்டோம்." கார்த்திகா விலையையும் சொன்னாள். சித்திரையில் பவித்ரா கூச்சத்தோடு முதலில் கேட்டதற்கும் மேலே இருந்தது அது.

"ஓனர் யாரு?"

"துபாய்ல கீறான், கெழவன்," என்றாள் துலுக்கானம். "அவனாண்ட நாம பேசக் கூடாதாம். அவுனுக்கு ஒரு பொண்ணு கீதாம். புத்தி கொஞ்சம் அப்டி இப்டி. ஊடு வாங்க வர்றவங்களப் பாத்தா கத்தும், கல்ல உட்டு அடிக்கும்னாரு. நீ பாத்துகிறியா அத?"

பவித்ரா பிறந்ததிலிருந்து யாரையும் பார்த்துக் கத்தியதில்லை. பஸ்ஸில் மீதிச் சில்லறை கேட்கக்கூட அவளுக்குக் குரல் எழும்பாது. கல் எடுக்கலாம் என்ற யோசனை இப்போதுதான் முதன்முதலாகத் தோன்றியது.

"பாத்திருக்கேன்," என்றாள்.

"அய்யோ. ரொம்ப மோசமா?"

"ரொம்ப இல்ல."

கார்த்திகா ஜன்னலைத் திறந்து ஏரிப் பக்கம் பார்த்தாள். "காத்து எப்டி வருது பாருங்க அத்த. பாப்பாவுக்கு இந்த ரூம் குடுத்துடலாம்."

"கொசு இருக்கும்," என்றாள் பவித்ரா.

"கோவில்பதாகைல இல்லாத கொசுவா?" என்று சிரித்தாள் கார்த்திகா. மூன்று மாதமாக நான்கு ஆட்களை விரட்டிய கொசு ஒரு சிரிப்பில் செத்தது.

வெளியே ஸ்கூட்டர் நின்றது. ஹேமநாதன் செருப்பை வாசலில் பக்தியோடு கழற்றிவிட்டு உள்ளே வந்தான். வெள்ளைச் சட்டை, சந்தனம், பையில் இரண்டு போன். முதலில் கார்த்திகாவைப் பார்த்துச் சிரித்தான்; பிறகு துடைப்பமும் கையுமாக நின்ற பவித்ராவைப் பார்த்தான். சிரிப்பு ஒரு கணம் ஆணியில் மாட்டிய சட்டை மாதிரி தொங்கியது. மனிதனைச் சும்மா சொல்லக் கூடாது, அடுத்த கணமே எடுத்து மாட்டிக்கொண்டான்.

"வந்துட்டியா பாப்பா? நம்ம ஆபீஸ் பொண்ணும்மா. புச்சு. கொஞ்சம் வாயில்லாப் பூச்சி. உள்ள வா, ஒரு வேல சொல்லணும்."

சமையலறையில் குரலைத் தாழ்த்தினான். "இன்னாத்துக்கு இப்ப இங்க வந்த? சரி உடு. நீ நெனைக்கற மாதிரி ஒன்னும் இல்ல. உனக்கும் மேல போட்டுக் குடுத்துடறேன். ஆனா வாயத் தொறந்த, நானும் தொறப்பேன். அந்தக் கெழவி பால் காய்ச்சன எடத்துல பொணம் கெடந்துச்சுன்னு சொல்லட்டா? இங்கியே மயக்கம் போட்டு உழும். குடுத்த அட்வான்ஸக் கேட்டு ஆவடி பூரா கூச்சல் போடும். அப்பறம் ஆடி. அப்பறம் உன் புனே. யோசிச்சிக்கோ."

அவள் யோசித்தாள். அவன் சொன்னதில் பொய் எதுவும் இல்லை, அதுதான் எரிச்சல். இவர்களும் போய்விட்டால் பத்து நாளில் வேறு ஆள் கிடைக்காது. புனேயில் அவளுக்கு ஒதுக்கிய இடம் வேறு யாருக்காவது போகும். அவள் மறுபடி அம்பத்தூரில் பெயிண்ட் கலக்க வேண்டியதுதான்.

"சரிண்ணா," என்றாள்.

"அப்டி வா வழிக்கு. போய் நாலு டீ வாங்கினு வா."

காசு தரவில்லை. தன் வீட்டில் பால் காய்ச்சியவர்களுக்கு, அதை மூன்றாவது ஆளுக்கு விற்றவன் சொல்ல, சொந்தக் காசில் டீ வாங்க அவள் தெருமுனைக்கு நடந்தாள். டீக்கடைக்காரர் பார்சல் கட்டும்போது அவள் ஹேமநாதனைப் பற்றி நினைத்தாள். கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வந்தது அருவருப்பு, கையில் பிசின் ஒட்டிக்கொண்ட மாதிரி. அதில் பாதி தன் மேல்தான் என்பதும் அவளுக்குத் தெரிந்தது. இப்படி ஒருத்தன் பிழைக்க இப்படி ஒருத்தி தேவைப்படுகிறாள். திருடிவிட்டுத் தப்பித்து ஓடுகிறவனிடமாவது கொஞ்சம் பயம் இருக்கும். இவன் டீ கேட்கிறான்.

திரும்பி வந்தபோது மூவரும் ஹாலில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். அவள் பேப்பர் கப்பில் ஊற்றிக் கொடுத்தாள். ஹேமநாதன் ஒரு வாய் குடித்தான்.

"ஆற வச்சுகினு வந்துகிறா பாரும்மா. இந்தக் காலத்துப் புள்ளைங்கள வேலைக்கு வச்சா இப்டித்தான்."

"உடு நைனா, பாவம். மொகம் வாடிக் கெடக்குது," என்றாள் துலுக்கானம். தன் பையைத் துழாவி நேற்றைய சர்க்கரைப் பொங்கல் இருந்த டப்பாவை எடுத்து பவித்ராவின் கையில் வைத்தாள். "உனக்குன்னு வச்சிக்கோ. இந்த ஊட்ல மொத மொத வச்சது. பாலு கெழக்காலதான் பொங்குச்சு, தெரியுமா? எங்கூட்டுக்காரர் போனப்பறம் எனக்கு இப்பதான் ஒரு நல்ல காரியம். இருந்தாலும் மனசு கேக்க மாட்டேங்குது. நைனா, உன்ன ஒன்னு கேக்கறேன். நல்ல ஊடுதானே? கெட்டது எதுனா நடந்துகிதா இங்க?"

ஹேமநாதன் கப்பைக் கீழே வைத்தான். மார்பில் கையை வைத்தான். அந்தக் கை அங்கே எத்தனை தடவை போயிருக்குமோ, சட்டைத்துணி அந்த இடத்தில் தேயாமல் இருந்தது ஆச்சரியம்.

"அம்மா, எங்கம்மா மேல சத்தியம். இந்த ஊட்ல ஒரு கெட்ட சொல்லுகூட உழுந்ததில்ல. சொந்தக்காரன் துபாய்ல, ஊடு பூட்டியே கெடந்துச்சு. நம்பலன்னா இந்தப் பொண்ணக் கேளு. அதுக்குப் பொய் சொல்லத் தெரியாது." அவன் பவித்ராவைப் பார்த்துக் கண்ணைக் காட்டினான். 'சரிண்ணா'வுக்காகக் காத்திருந்தான். மூன்று மாதமாக அது தவறாமல் வந்திருக்கிறது. "நீயே சொல்லு பாப்பா."

துலுக்கானம் அவளைப் பார்த்தாள். கார்த்திகா டேப்பைச் சுற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

பவித்ரா டப்பாவைத் திறக்காமலே அந்தக் கிழவியின் பக்கத்தில் வைத்தாள். ஹேமநாதன் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான். அந்தச் சிரிப்பைத் துடைக்க ஏதாவது கிடைத்தால் போதும் என்று இருந்தது. புனேகூட அப்புறம்தான்.

"நான் இவர் ஆபீஸ் இல்லம்மா," என்றாள். செங்கற்களைக் காட்டிக்கொண்டே தொடர்ந்தாள். "எங்கம்மா போன ஐப்பசில, இந்த செங்கல் இருக்கற எடத்துலதான் செத்துப்போனாங்க. துபாய்ல யாரும் இல்ல. இந்த வீடு என்னுது."