பிரேக் பழகிய கால்

"ஆடிஷனுக்குப் போறேன். ஆனா அம்மா வரக் கூடாது."

பொடிசு இதைச் சொன்னது என்னிடம் இல்லை, சாப்பிட உட்கார்ந்திருந்த அவள் அப்பாவிடம். நான் இரண்டடி தள்ளி நின்று தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஆளை எதிரில் நிற்கவைத்துக்கொண்டே ஊரில் இல்லாதவளைப் பற்றிப் பேசுகிற மாதிரி ஒரு பேச்சு. சுருக்கென்று தைத்தது.

"நான் வராம? வண்டிய உங்கப்பாவா ஓட்டுவாரு?" என்றேன்.

அவர் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் தொழில். பத்தொன்பது வருடத்தில் எழுநூறு பேருக்கு மேல் லைசென்ஸ் வாங்க வைத்திருக்கிறேன். அந்த எழுநூறில் இவர் இல்லை. என்னிடம் இரண்டு நாள் பழகிவிட்டு மூன்றாம் நாள் பஸ் பாஸ் எடுத்துவிட்டார். பேக்கரிக்குப் போய்வர அதுவே போதுமாம்.

"நீயே ஓட்டு. வாசல்ல எறக்கி விட்டுட்டு வண்டியிலேயே உக்காந்திரு. மேல வராத" என்றாள் பொடிசு.

அவளுக்குப் பன்னிரண்டு வயது. என் தோளைத் தாண்டிவிட்டாள். பிறந்தபோது இரண்டு கிலோகூட இல்லாததால் ஒட்டிக்கொண்ட பெயர், இன்னும் போகமாட்டேன் என்கிறது.

ஆடிஷன் இளையோர் இசைக்குழுவுக்கு. இந்த வருடம் வயலினுக்கு ஐந்து இடம் காலி, மூன்று வாரம் அவகாசம். எட்டு மாதமாக யார் முன்னாலும் வாசிக்க மாட்டேன் என்று அடம்பிடித்தவளை வயலின் டீச்சர் எப்படியோ பேசிச் சம்மதிக்க வைத்திருந்தார். "இதுவும் போச்சுன்னா பெட்டிய மூடிப் பரண்ல போட்டுடுவா. அப்புறம் நம்மளால எடுக்க வைக்க முடியாது" என்று என்னிடம் தனியாகச் சொல்லியும் இருந்தார். அதனால் வாயை மூடிக்கொண்டேன். அது எனக்கு எவ்வளவு பெரிய வேலை என்று என் வீட்டுக்காரரைக் கேட்டால் சொல்வார்.

எல்லாம் எட்டு மாதத்துக்கு முன் நடந்த வயலின் ஐந்தாவது கிரேடு பரீட்சையில் வந்தது. நான் கதவுக்கு வெளியே, தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தேன். துணை வாத்தியம் இல்லாமல் தனியாக வாசிக்க வேண்டிய பாட்டு. முதல் வரி அருமை. இரண்டாவது வரியில் கொஞ்சம் ஓடினாள். ஓடியவள் சட்டென்று நின்றாள். பிறகு யாரும் கேட்காமலேயே முதலிலிருந்து தொடங்கினாள். அதற்குப் பிறகு ஒன்றும் உருப்படவில்லை. ஸ்கேல் என்கிற சுர வரிசையும் தடுமாறியது, மூன்று மதிப்பெண் குறைந்து பெயில்.

வீடு வந்து சேரும்வரை காரில் நான் விடவில்லை. "ஏன் நிறுத்தின? யாரு உன்ன நிறுத்தச் சொன்னா? தப்பு வந்தாலும் போய்ட்டே இருக்கணும்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்?" அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். அன்று தொடங்கி எட்டு மாதம், நேரம் கிடைக்கும்போதெல்லாம், போனில் என் தங்கையிடம்கூட, "இவளுக்குக் கையில வித்தை இருக்கு, நெஞ்சில தைரியம் பத்தல" என்று சொல்லி வந்தேன். அவள் காதில் விழட்டும் என்றே சொன்னேன். ரோஷம் வரும் என்று நினைத்தேன்.

இத்தனைக்கும் என் தொழிலில் பொறுமைக்குப் பெயர் போனவள் நான். ஐம்பது வயதில் முதல்முறை ஸ்டியரிங்கைப் பிடிப்பவர்கள் மற்றவர்களை விட்டு என்னைத் தேடி வருவார்கள். காரில் என் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. மாணவர் சிவப்பு விளக்கைப் பார்க்காமல் போனால் வாயால் கத்தமாட்டேன். என் வலது கால் தானாக அமுக்கிவிடும். வண்டி நிற்கும். "பரவாயில்ல, மறுபடி எடுங்க" என்பேன். ஊரார் பிள்ளைக்கு இவ்வளவும் செய்வேன்.

வீட்டிலும் அதே கால்தான். பொடிசு வாசிக்கும்போது குறுக்கே பேச வேண்டாம், கவனம் சிதறும் என்று டீச்சர் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார். சரி, பேசவில்லை. தப்பு வந்தால் தரையில் ஒரு மிதி, அவ்வளவுதான். அவள் நிறுத்திவிட்டு முதலிலிருந்து எடுப்பாள். ஆறு வயதிலிருந்து இந்த ஏற்பாடு. ஒரு வார்த்தை பேசாமல் பிள்ளையைப் பழக்குகிறேன் என்று எனக்குப் பெருமை வேறு.

ஆடிஷனுக்குப் பதினேழு நாள் இருந்த ஞாயிற்றுக்கிழமை. பொடிசு அறைக்கதவைச் சாத்திக்கொண்டு வாசித்துக்கொண்டிருந்தாள். நான் சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். அவர் பேக்கரியிலிருந்து பத்துக் கிலோ மாவு மூட்டை ஒன்றைத் தோளில் சுமந்து வந்து சமையலறைத் தரையில் போட்டார். தொம்மென்று ஒரு சத்தம். உள்ளே வயலின் நின்றது. ஒரு நொடி கழித்து முதல் வரியிலிருந்து திரும்ப ஆரம்பித்தது.

எனக்கு விளங்கவில்லை. தப்பே வரவில்லையே. தப்பைப் பிடிப்பதற்கென்றே வளர்ந்த காது என்னுடையது. போய்க் கதவைத் திறந்தேன்.

"ஏன் நிறுத்தின? சரியாத்தானே போய்ட்டிருந்துச்சு."

"நீ மிதிச்சியே."

"நான் எங்க மிதிச்சேன்? அப்பா மாவு மூட்டையப் போட்டாரு."

அவள் என் காலைப் பார்த்தாள். "அன்னிக்கு மாதிரின்னு நெனச்சேன்."

"என்னிக்கு?"

அவள் வில்லின் திருகைத் தளர்த்த ஆரம்பித்தாள்.

"பொடிசு, என்னிக்கு?"

"பரீட்சை அன்னிக்கு. வெளியில உக்காந்து மிதிச்சல்ல."

"நான் மிதிக்கல."

"மிதிச்சம்மா. மரத்தரை. உன் ஷூ சத்தம் எனக்குத் தெரியாதா? சரி, தப்பு வந்திருக்குன்னு நிறுத்திட்டு முதல்லேர்ந்து எடுத்தேன். என்ன தப்புன்னே தெரியல. அதையே யோசிச்சிட்டிருந்தேனா, மீதியெல்லாம் தப்பாப் போச்சு. அப்புறம் கார்ல ஏறினா, ஏன் நிறுத்தினன்னு கேக்கற. நிறுத்தச் சொன்னதும் நீதான், நிறுத்தினதுக்குத் திட்டினதும் நீதான். நான் என்னதான் செய்யணும்னு எனக்குப் புரியலம்மா."

அழுதபடி சொல்லியிருந்தால்கூடத் தேவலை. விடை வராத கணக்கை டீச்சரிடம் காட்டுகிற மாதிரி, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

"தெரியாம மிதிச்சிருப்பேன்" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்கு வந்தேன். நாலு பீன்ஸ் நறுக்குவதற்குள் எல்லாம் நினைவுக்கு வந்துவிட்டது. இரண்டாவது வரி. அவள் ஓடுகிறாள். சிவப்பு விளக்கைப் பார்க்காமல் போகிற வண்டி மாதிரி எனக்குப் பதறுகிறது. கால் அமுக்குகிறது. பக்கத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த ஆள் திடுக்கிட்டு என்னைப் பார்க்கிறார். ஆமாம், பார்த்தார். நான்தான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எட்டு மாதம் என் பெண்ணைக் கோழை என்று சொல்லித் திரிந்திருக்கிறேன். என் சொல்லைக் கேட்டதுதான் அவள் செய்த குற்றம். எனக்கு அப்படி ஒரு வெட்கம் அதற்கு முன் வந்ததில்லை. கத்தியை வைத்துவிட்டுத் திரும்பப் போனேன்.

"தப்பு என்னோடது. உன்னோடது இல்ல. அன்னிக்குப் பெயில் ஆனது நான்" என்றேன்.

"சரி" என்றாள். பன்னிரண்டு வயதுப் பெண்ணின் ஒரு 'சரி'க்குள் என்ன இருக்கிறதென்று பெற்றவளுக்குக்கூடத் தெரியாது.

மன்னிப்புக் கேட்டதோடு காரியம் முடிந்துவிடவில்லை. ஒரு மாவு மூட்டைக்கு நிற்கிறவள் ஆடிஷனில் என்ன செய்வாள்? யாராவது கதவைச் சாத்துவார்கள், யாராவது நாற்காலியை நகர்த்துவார்கள், இவள் நின்றுவிடுவாள். நான் காரிலேயே உட்கார்ந்திருந்தாலும் என் கால் அவளோடு மாடியேறிப் போகும். இரண்டு நாள் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

மூன்றாம் நாள் வேலையில்தான் வழி கிடைத்தது. ஹாரன் சத்தம் கேட்டால் அப்படியே உறைந்துபோகிற ஒரு தையல்காரம்மா என்னிடம் பழகிக்கொண்டிருந்தார். இந்த மாதிரி ஆட்களுக்கு நான் ஒரு வைத்தியம் வைத்திருக்கிறேன். காலி மைதானத்தில் அவர்களை ஓட்டவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து நானே ஹாரனை அடித்துக்கொண்டிருப்பேன். முதலில் நடுங்குவார்கள், பிறகு எரிச்சல்படுவார்கள், கடைசியில் கண்டுகொள்ளமாட்டார்கள். அன்று தையல்காரம்மா எரிச்சல்படும் கட்டத்துக்கு வந்திருந்தார். "ஏம்மா, சும்மா இருக்க மாட்டீங்களா" என்று என் கையைத் தட்டிவிட்டு ஓட்டினார். எனக்குப் பொறி தட்டியது.

அன்று சாயங்காலம் பொடிசிடம் விஷயத்தைச் சொன்னேன். "உனக்கு இஷ்டம் இருந்தாத்தான். வேணாம்னா வேணாம்" என்றும் சொன்னேன். இந்த வார்த்தையை நான் வாழ்க்கையில் அதிகம் சொன்னதில்லை.

யோசித்தாள். "நான் வாசிச்சிட்டிருக்கும்போது நீ மிதிப்ப. நான் நிறுத்தக் கூடாது. அதானே?"

"அதேதான்."

"தப்பு வந்தா?"

"வந்தாலும் மிதிப்பேன், வராட்டியும் மிதிப்பேன். நீ ஏன்னு கேக்கவே கூடாது. முடிவு வரைக்கும் போய்க்கிட்டே இரு."

முதல் நாள் பதினோரு முறை மிதித்தேன், பதினோரு முறையும் நின்றாள். நாலாவது முறைக்கு மேல் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். நிறுத்திவிடலாமா என்று கேட்டேன். "இன்னொரு தடவ" என்றாள். மூன்றாம் நாள் நிற்காமல் தடுமாறினாள். ஐந்தாம் நாள் தடுமாறிக்கொண்டே போனாள். அவள் அப்பாவுக்கு இதில் வந்த உற்சாகத்தைச் சொல்லி மாளாது. ரொட்டித் தட்டுகளைக் கீழே போட்டார், கதவை அறைந்தார், பக்கத்தில் போய் இருமினார், தும்மினார். கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து, வீட்டில் ஏதாவது தகராறா என்று கவலையோடு விசாரித்தார். "இல்லைங்க, பாப்பா பாட்டு பழகுது" என்று இவர் சொன்னதும் அந்த மனிதர் முகத்தில் ஈயாடவில்லை.

பத்தாம் நாள் பொடிசு வாசித்துக்கொண்டே என்னைப் பார்த்துச் சொன்னாள், "இன்னும் பலமா மிதிம்மா." வில் நிற்கவில்லை. சிரிப்பு வேறு. எட்டு மாதத்துக்குப் பிறகு அந்த வயலினோடு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

ஆடிஷன் அன்று வாசலில் வண்டியை நிறுத்தினேன். பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கியவள், இரண்டு எட்டு போய்த் திரும்பி வந்து ஜன்னலைத் தட்டினாள். "நீயும் மேல வா" என்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் மனசு மாறிவிடுமோ என்று பயம்.

தாழ்வாரம் முழுக்கப் பெற்றோர்கள். ஒரு அம்மா விரலால் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு அப்பா உதட்டை அசைத்துத் தாளக் கணக்கு எண்ணிக்கொண்டிருந்தார். எல்லோரும் என் ஜாதி என்று நினைத்துக்கொண்டேன். பொடிசின் பெயரைக் கூப்பிட்டார்கள். கதவைச் சாத்தினார்கள்.

முதல் வரி சரியாக வந்தது. இரண்டாவது வரியில் ஓடினாள், எப்போதும் போல. என் கால் எழும்பியது. முழங்காலை இரண்டு கையாலும் பிடித்து அமுக்கிக்கொண்டேன். அவளே நிதானத்துக்கு வந்தாள். மூன்றாவது பக்கத்துக்கு வந்திருப்பாள், உள்ளே ஒரு குரல் கேட்டது. "நன்றி. போதும்."

ஆடிஷனில் இப்படித்தான் பாதியில் நிறுத்துவார்களாம். டீச்சர் முன்பே சொல்லியிருந்தார். ஆள் அதிகம், நேரம் குறைவு, கேட்டவரை போதும் என்றால் கையைக் காட்டிவிடுவார்கள். மற்ற பிள்ளைகள் எல்லோரும் அப்படித்தான் நிறுத்திவிட்டு வெளியே வந்தார்கள். பொடிசு நிறுத்தவில்லை.

"நன்றிம்மா, போதும்" என்று குரல் கொஞ்சம் பலமாக வந்தது. வயலின் போய்க்கொண்டே இருந்தது. நாற்காலி ஒன்று நகர்ந்தது. யாரோ மேஜையைத் தட்டினார்கள். அது எதுவும் அவளுக்கு உறைக்கவில்லை. இரண்டு வாரமாக இதை விடப் பெரிய சத்தமெல்லாம் கேட்டவள்.

"நிறுத்தச் சொல்றாங்களே. உங்க பொண்ணுக்குக் காது கேக்காதா?" என்றார் கணக்கு எண்ணிக்கொண்டிருந்த அப்பா.

"நல்லாக் கேக்கும்" என்றேன்.

இவ்வளவு பாடுபட்டு, அடங்காத பெண் என்று பெயர் வாங்கிக்கொண்டு போகப் போகிறாளா? ஒரு மிதி போதும். மரத்தரைதான் இங்கேயும். ஆறு வருடப் பழக்கம் இரண்டு வாரத்தில் போயிருக்காது. மிதித்தால் நின்றுவிடுவாள், இடம் கைவிட்டுப் போகாது. கால் மறுபடி எழும்பியது. இந்த முறை அதைப் பிடித்து அமுக்க வேண்டியிருக்கவில்லை. தானாகவே மெல்ல இறங்கி, சத்தமில்லாமல் தரையில் நின்றது. வாசிக்கிறவள் அவள். நிறுத்துவதும் அவள் பாடு.

கடைசி வரி வந்தது. எங்கும் ஓடாமல், எங்கும் இழுக்காமல், வில்லின் நுனி வரைக்கும் போய் முடிந்தது. உள்ளே யாரோ சிரித்தார்கள். நல்ல சிரிப்புதான்.

முடிவு பத்து நாள் கழித்து வந்தது. இடம் கிடைத்துவிட்டது, இரண்டாம் வயலின் பிரிவில், கடைசி வரிசை. கடிதத்தின் அடியில் யாரோ பேனாவால் எழுதியிருந்தார்கள்: கை காட்டினால் நிறுத்தப் பழக வேண்டும். அதை அவள் அப்பா பேக்கரி முழுக்கக் காட்டிவிட்டு வந்தார். ஆனால் ஆடிஷன் அன்று எங்கள் யாருக்கும் அது தெரியாது. வெளியே வந்தவளிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. படியிறங்கினோம், வண்டியில் ஏறினோம். மூன்று சிக்னல் தாண்டியபிறகு அவளே பேசினாள்.

"போதும்னு சொன்னது கேட்டுச்சும்மா."

"அப்புறம் ஏன் நிறுத்தல?"

"அந்தக் கடைசி வரி எனக்கு ரொம்பப் பிடிக்கும். அவங்க அதக் கேக்கவே இல்லையே."

நான் சாலையைப் பார்த்து ஓட்டினேன்.

"நீ மிதிக்கல" என்றாள்.

"மிதிக்கல."

"தெரியும். மிதிச்சிருந்தாலும் நான் நிறுத்தியிருக்க மாட்டேன்."