துளை இல்லாத அட்டை

வளைகாப்புக்கு முந்தின நாள் மத்தியானம். அக்கா திலகவதி மருதாணிக் கிண்ணத்தை நீட்டியதும் ஜெயப்ரியா சுவரோரம் நகர்ந்துகொண்டாள். இரண்டு நாளாக இப்படித்தான். அக்கா பக்கத்தில் வந்தால் எழுந்துவிடுவாள். பாயையும் தனியாகப் போட்டுக்கொள்வாள்.

பாவாடைக் கட்டுக்குக் கீழே, இடது இடுப்பில், பட்டையாகக் கொப்புளங்கள். பிளஸ் டூ பரீட்சைக்குக் கண்விழித்த உடம்பு. அம்மாவுக்குத் தெரிந்தால் அக்கி என்று, காவி குழைத்துக் கொப்புளத்தின்மேல் சிங்கம் எழுதும் நாட்டு வைத்தியத்துக்குக் கூட்டிப்போவாள். அதற்குப் பயந்து, டியூஷன் என்று சொல்லிவிட்டுக் கண்ணமங்கலத்தில் ஒரு டாக்டரம்மாவைப் பார்த்துவிட்டு வந்தாள். பயம் அங்கேதான் பெரிதானது.

சின்ன வயதில் வந்த அம்மையின் வைரஸ் போகவே இல்லையாம். முதுகெலும்போர நரம்பில், தன் ஜீன்களையெல்லாம் மூடிக்கொண்டு, ஒன்றிரண்டை மட்டும் லேசாக ஓடவிட்டுக் கிடந்ததாம். உடம்பு அசந்ததும் மூடினவை திறந்துகொண்டனவாம். ஜெயப்ரியாவுக்கு அப்பாவின் தறிமேல் தொங்கும் ஜக்கார்டு அட்டை ஞாபகம் வந்தது. துளை இல்லாத இடத்தில் இழை எழும்பாது. துளை விழுந்தால் பூ வந்துவிடும்.

இந்தக் கொப்புள நீர் பட்டால், அம்மையே வராதவர்களுக்கு அம்மை வரலாம். கர்ப்பிணி என்றால் ஆபத்து என்றும் டாக்டரம்மா சொன்னார். நாலு வயதில் ஜெயப்ரியாவுக்கு அம்மை போட்ட அன்றே திலகவதியைச் சேத்துப்பட்டுக்கு, சாவித்திரி அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவளுக்கு அம்மை வந்ததே இல்லை என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். டாக்டரிடம் போவதற்கு முன் மூன்று நாள் இருவருக்கும் ஒரே போர்வை.

"ஏண்டி, நான் என்னா பண்ணேன்? கிட்ட வந்தாலே ஓடிகினு இருக்கிற."

ஜெயப்ரியா எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போதே, வாசலில் வேப்பிலை செருகி வளைகாப்பை நிறுத்துவது கண்முன் ஓடியது. திலகவதி கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு காதுக்குப் பின்னால் முடியை ஒதுக்கினாள். அங்கே சின்னதாக ஒரு தழும்புக் குழி.

"எனக்கும் வந்துச்சுடி. அனுப்பின ரெண்டாவது வாரமே. அப்போ அத்த வூட்ல நிச்சயதார்த்தம் வெச்சிருந்தாங்க, தெரிஞ்சா நின்னுடும்னு பயம். பின்கட்டுல படுக்க வெச்சு, வெளிய சொன்னா கண்ணு போயிடும்னு கற்பூரத்து மேல சத்தியம் வாங்கினாங்க."

"நெஜமாவா? ஏங்க்கா இத்தினி வருஷம் சொல்லல?"

"கண்ணு வேணுமே."

ஜெயப்ரியாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஒருமுறை வந்தவர்களுக்குப் பயமில்லை என்றும் டாக்டரம்மா சொல்லியிருந்தார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். முதல் பொட்டு வைத்ததும் அக்கா மெல்லக் கேட்டாள்.

"அப்போ எனக்குள்ளயும் தூங்கிகினு இருக்குதா?"

ஜெயப்ரியா தலையாட்டினாள். திலகவதி வயிற்றின்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு, மறு கையை நீட்டினாள்.

"தூங்கட்டும். நீ ஜல்தியா வையி. காயணும்."