திராட்சை பூத்த வைகாசி

முப்பத்தேழாம் வருஷம் சாரல் முந்திவிட்டது. ஆனி பிறந்து தூற வேண்டியது, வைகாசி பத்திலேயே குற்றாலத்து மலையை மூடிக்கொண்டு இறங்கியது. ஊருக்கெல்லாம் கொண்டாட்டம். சிவசைலம் மட்டும் வானத்தைத் திட்டினான். அவன் காவலிருந்த தோட்டத்தில் திராட்சைக் கொடி அந்த வாரம்தான் மொட்டு வைத்திருந்தது.

தோட்டம் தென்காசி துல்கர்னைன் ராவுத்தருடையது. கம்பம் ஊரிலிருந்து திராட்சைக் குச்சி கொண்டுவந்து, கல்தூண் நட்டு, மூங்கில் பந்தல் போட்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. போன வருஷம் வந்த மொட்டு மொத்தமும் விரியாமலே மழையில் அழுகிப்போயிற்று. ராவுத்தர் சத்தம் போடுகிற மனுஷர் இல்லை. "இந்தத் தடவையும் இப்பிடின்னா வெட்டிட்டுத் தென்னை வச்சிருவோம், சைலம். தென்னைக்குக் காவல் எதுக்கு?" என்றார். அவ்வளவுதான். சிவசைலமும் அவன் பெண்டாட்டி மாரித்தாயும் குடியிருந்த குடிசை அந்தக் காவலோடு சேர்ந்தது.

மழை படாதபடி பந்தலுக்கு மேலே சிவசைலம் பனையோலைத் தட்டி கட்டினான். மாரித்தாய் கீழே நின்று கயிறு எடுத்துக் கொடுத்தாள். கட்டி முடித்த அன்று அவள் பிறந்த ஊரான கடையத்திலிருந்து சேதி வந்தது. அவளைப் பெற்ற அம்மை வாந்திபேதியில் போய்விட்டாள். அழுதுகொண்டே ரயிலேறிய மாரித்தாய், இங்கே ஒற்றை ஆளாய் இவன் என்ன செய்வான் என்று நான்காம் நாளே திரும்பிவிட்டாள்.

வந்தவளை வாசலிலேயே நிறுத்தினான். "குடிசையோட இருந்துக்க. பதினாறு நாள் கழியாமப் பந்தலுக்குள்ள வந்திராத."

தீட்டுள்ள ஆள் நுழைந்தால் கொடி வாடும் என்பது வெற்றிலைக் கொடிக்கால்காரர்களின் விதி. திராட்சைக்கு என்ன விதி என்று அந்தப் பக்கத்தில் யாருக்கும் தெரியாது. அவன் வெற்றிலை விதியையே இதற்கும் வைத்துக்கொண்டான்.

"நான் எதுக்கு வாரேன்? தாலியையும் அந்தக் கொடிக்கே கட்டியிருக்கலாம் நீங்க" என்றாள் மாரித்தாய்.

மறுநாள் மத்தியானம் அவன் கயிறு வாங்கத் தென்காசி போயிருந்த நேரத்தில் காற்று அடித்தது. திரும்பி வந்து பார்த்தபோது தட்டி இடத்தில்தான் இருந்தது. ஆனால் முடிச்சு அவன் போட்டது இல்லை. பந்தலுக்கு அடியில் தரை முழுக்கப் பச்சையாய் என்னவோ உதிர்ந்து கிடந்தது. குனிந்து உள்ளங்கையில் எடுத்தான். கடுகளவு உமி. அண்ணாந்து ஒரு கொத்தைத் தொட்டான், இன்னும் உதிர்ந்தது. காம்பில் மிஞ்சியது மயிர் போல நாலைந்து இழைகள்தான். விரிந்த திராட்சைப் பூவை அவன் அதுவரை பார்த்ததே இல்லை. பூ கொட்டிவிட்டது என்று முடிவு செய்தான்.

"ஏட்டி, உள்ள போனியா?"

"தட்டி பிச்சுக்கிட்டுப் பறந்துட்டு. மழை நேரா பூவுல கொட்டுது. பாத்துக்கிட்டா இருக்கச் சொல்லுதிய? ஏறிக் கட்டுனேன். கொத்துல நின்ன தண்ணிய மெதுவாத் தட்டிவிட்டேன்."

"தீட்டுக் கையால தட்டுனியாக்கும்."

அவள் ஈரச் சேலையோடு நின்றாள்.

"பதினாறு கழியட்டும். அதுவரைக்கும் ஒங்க அண்ணன் வீட்டுல போய் இரு."

"அங்கன பேதி இன்னும் நிக்கல்ல. எதுத்த வீட்டுல ரெண்டு பேரு கெடக்காவ."

"பாத்து இருந்துக்க."

அவள் சொன்னது அவனுக்கு நன்றாகக் கேட்டது. கேட்டுத்தான் அப்படிச் சொன்னான்.

அவள் கடையத்துக்கு ரயிலேறிப் போன மூன்றாம் நாள், கொடியை முதலில் நட்டுக் கொடுத்த கம்பத்துக்காரர் பரீது, ராவுத்தரைப் பார்க்க வந்த கையோடு தோட்டத்துக்கும் வந்தார். தரையைப் பார்த்தார். சிவசைலத்தின் முகத்தைப் பார்த்தார். சிரித்துவிட்டார்.

"எழவு வீடு மாதிரி ஏன்யா நிக்கிறே? இது பூவில்லை, பூவோட தொப்பி. இந்தப் பூவுக்கு இதழ் விரியாது, தொப்பியாக் கழண்டு விழும். விழுந்தாத்தான் மகரந்தம் ஒட்டிப் பிஞ்சு பிடிக்கும். மழைத்தண்ணி நின்னா தொப்பி கழலாம அப்படியே அழுகிரும். தண்ணியத் தட்டிவிட்டது யாரு? நல்ல கை."

"எம் பெண்டாட்டி."

"எங்க அவுக?"

"ஊருக்குப் போயிருக்கா."

"பாதிக் கொத்து இன்னும் விரியல. ஒரு வாரத்துக்கு இந்த இடத்தை விட்டு நகராதே."

அன்றைக்கே போய்க் கூட்டி வந்திருக்கலாம். சாயங்கால ரயில் இருந்தது. ஸ்டேஷனை நினைத்தான், வானத்தைப் பார்த்தான். ஒரு வாரம்தானே என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். போகிறபோது நல்ல சேதியோடு போகலாம் என்றும் சொல்லிக்கொண்டான். காலையும் மாலையும் அவள் செய்ததைப் போலவே கொத்துக் கொத்தாய்த் தண்ணீரைத் தட்டிவிட்டான். தொப்பிகள் உதிர்ந்தன. காம்புகளில் பச்சை மணி திரண்டு மிளகளவு ஆயிற்று. பரீது சொன்ன வாரம் முடிந்த மறுநாள் ரயிலேறினான்.

மாரித்தாயின் அண்ணன் பிச்சைமணி வீட்டுக்கு வெளியே குத்தவைத்திருந்தான். இவனைக் கண்டு எழுந்திருக்கவில்லை.

"முந்தாநாத்து போயிட்டா, மாப்பிள. சேதி சொல்ல ஆளு கிடைக்கல்ல. பேதி கண்ட ஊர்க்காரனை எவன் கிட்ட சேக்கான்?"

சிவசைலம் நின்றான்.

"ரெண்டு நாளு கெடந்தா. தண்ணி கேப்பா, பூ உதிராம நின்னுட்டுதான்னு கேப்பா. மாத்தி மாத்தி அதேதான். நின்னுட்டுன்னு சொன்னேன். எனக்கென்ன தெரியும், சும்மா பொய்யாச் சொல்லி வச்சேன்."

"பொய் இல்ல" என்றான் சிவசைலம்.

பிச்சைமணி நிமிர்ந்து பார்த்தான்.

"அது ஒமக்கு எப்பத் தெரிஞ்சுது?"

சிவசைலம் ஸ்டேஷனுக்கு நடந்தான்.

அன்று சாயங்காலமே குற்றாலம் திரும்பினான். குளிக்கவில்லை. எழவு வீட்டு மண் காலில் ஒட்டியிருக்க நேரே பந்தலுக்குள் போனான். கைக்கு எட்டிய கொத்தைப் பிடித்து உலுக்கினான். அடுத்ததையும் உலுக்கினான். தீட்டுக்கு ஒரு பிஞ்சாவது உதிரட்டும் என்று ஒவ்வொன்றாய் உலுக்கிக்கொண்டே போனான்.

ஒன்றும் உதிரவில்லை.