மலைக்கு அந்தப் பக்கத்துக் குரல்

அவள் செல்போன் கம்பெனியில் நெட்வொர்க் இன்ஜினியர். கணவன் மலைக்கு அந்தப் பக்கம் சுரங்கப்பாதை வேலையில் மேற்பார்வையாளன்; அங்கேயே வேலையாட்களின் முகாமில் தங்கியிருந்தான். அவன் போன் பண்ணினால் நாலு வார்த்தைக்குள் அறுந்துவிடும். "டவர் எடுக்கல" என்பான். பிறகு அந்த அழைப்பும் அபூர்வமாகிவிட்டது.

மலை முகட்டில் ஒரு ரிலே வைத்தால், டவுன் டவரின் சிக்னலை வாங்கி அந்தப் பக்கம் அனுப்பலாம் என்று மேலதிகாரியிடம் விடாப்பிடியாக நின்றாள். ரிலே வந்தது. அப்படியும் முகாமில் பேச்சு திக்கித் திணறியது. டவர் ஒவ்வொரு போனுக்கும் முறை வைத்துத்தான் இடம் கொடுக்கும். சிக்னல் பலமாக உள்ள போனுக்கே முன்னுரிமை என்றால், ஓரத்தில் இருப்பவன் காத்தே கிடக்க வேண்டியதுதான். அதிகம் காத்தவனுக்கும் முறை வரும்படி அவள் அந்த விதியை மாற்றி எழுதினாள்.

"டவுன்ல வேகம் குறையும்மா," என்றார் மேலதிகாரி. "வீட்டுக்காரருக்காக ஊரையே வரிசையில நிக்க வைக்கிறீங்க."

"அங்க அவர் மட்டுமா சார் இருக்காரு?" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தும்விட்டாள்.

மாற்றம் ஓடத் தொடங்கியதும் முதல் அழைப்பை அவனுக்கே போட்டாள். எடுத்தான்.

"கேக்குதாங்க?"

"கேக்குது."

பக்கத்தில் நின்று பேசுவதுபோல் இருந்தது. அவன் மூச்சுகூடக் கேட்டது.

"இனிமே தினமும் பேசலாம். வேலை முடிஞ்சு எப்போ வருவீங்க?"

"வேலை முடிஞ்சாலும் நான் அங்க வரல. இங்க ஒருத்தங்களோட இருக்கேன். ரொம்ப நாளாச்சு."

"டவர் இல்லன்னீங்களே."

"சில நாள் இருந்துச்சு," என்றான்.

லைன் அறுந்துவிடாதா என்று காத்திருந்தாள். அறுபடவில்லை. அவளேதான் வைத்தாள்.

டவுனிலிருந்து புகார்கள் வந்தன. "பழையபடி மாத்திடலாமா?" என்று மேலதிகாரி தயங்கிக் கேட்டார். அவள் முகத்தைப் பார்த்தே ஏதோ நடந்திருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

திரையில் முகாமின் அழைப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறிக்கொண்டிருந்தன. வேலை முடிந்து எல்லாரும் வீட்டுக்குப் பேசுகிற நேரம்.

"இருக்கட்டும் சார். அவங்கவங்க வீட்ல போனை எதிர்பாத்துட்டு இருப்பாங்க."

வீட்டில் மாமியார் வழக்கம்போலக் கேட்டார். "பேசினியாம்மா? எப்போ வர்றானாம்?"

இத்தனை நாள் ஏதேதோ சொல்லிச் சமாளித்தவள் அன்று அவன் நம்பரைப் போட்டுப் போனை அவர் கையில் கொடுத்தாள். அடுப்படிக்குப் போய்க் குழாயை முழுக்கத் திறந்துவிட்டாள்.

"சாப்டியாப்பா?" என்று மாமியார் ஆரம்பிப்பது தண்ணீர்ச் சத்தத்தையும் மீறிக் கேட்டது.