பலகை போகும் வழி

கார் இல்லாத வீட்டுக்குக் கார் ஷெட் எதற்கு என்று வாய்க்கொழுப்பில் ஒருநாள் கேட்டுத் தொலைத்தேன். அன்றிலிருந்து என் கணவர் அங்கே தச்சுப்பட்டறை போடப்போவதாகக் குதிக்கிறார். மரம் அறுக்கும் மெஷின் நாளைக் காலையில் வருகிறது. ஒருதரம் இறக்கிப் பூட்டிவிட்டால் அசைக்க முடியாதாம். எனக்கு அந்த மெஷின் என்றாலே பயம்.

காரணம் இருக்கிறது. தொழிற்சாலையில் நெருக்கடியான மூலையில் நின்று இவர் மரம் அறுத்தபோது, பின்னால் போனவன் முழங்கையில் இடித்துவிட்டான். இடது கையில் இரண்டு விரல் போனது. மீதி எட்டையும் சாப்பாட்டு நேரத்தில் எண்ணிப் பார்க்கிறேன். அது அவருக்குத் தெரியாது.

ஷெட் தரையில் சாக்பீஸால் கோடு போட்டிருந்தார். மெஷின் இங்கே, மேசை அங்கே, மரம் அடுக்க அந்த ஓரம்.

"கை வீசி நடந்து பாரு," என்றார் மாப்பிள்ளை மிடுக்கோடு.

நடந்தேன். எங்கும் இடிக்கவில்லை. ஆனாலும் மனசு கேட்கவில்லை. துணி காயப்போடும் நீளக் கம்பைக் கொண்டுவந்து நீட்டினேன்.

"இதுதான் பலகைன்னு வெச்சுக்கங்க. அறுங்க."

"விளையாடுறியா?"

"அறுங்கன்னா அறுங்க."

மெஷின் கோட்டுக்கு முன்னால் நின்று தள்ளினார். பாதிகூடப் போகவில்லை, கம்பு சுவரில் டொக்கென்று முட்டியது.

அவர் முகம் சுண்டிப்போனது. தொழிற்சாலையில் அறுத்த பலகையை எதிர்ப்பக்கம் இன்னொருவர் நின்று இழுத்துக்கொள்வார். இத்தனை வருஷமும் இவர் பார்த்தது தன் பக்கத்தை மட்டும்தான். மெஷினை அளந்த மனிதர் மரத்தை மறந்துவிட்டார்.

"முட்டினா என்ன ஆகும்?"

"நின்னுடும். அவசரத்துல கையால அழுத்தித் தள்ளுவோம்..." என்றவர், இடது கையை மெல்லப் பின்னால் மறைத்துக்கொண்டார். எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தது.

எப்படித் திருப்பிப் பார்த்தாலும் ஒரே வழிதான் இருந்தது. மெஷினை, ஷெட்டிலிருந்து சமையலறைக்குள் போகும் கதவுக்கு நேராக வைத்தால், பலகை என் அடுப்படி வரைக்கும் தாராளமாக வரும்.

"தெரியாம யாராவது கதவைச் சாத்திட்டா?" என்றேன். அவர் கதவைச் சாத்தி, கம்பை அதில் முட்டிப் பார்த்தார்.

"கதவைக் கழட்டுங்க."

"சாப்பாட்டுல மரத்தூள் விழும்டி."

"விழுந்துட்டுப் போகட்டும்."

கதவைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்தார். நான் அடுப்புக்கு முன்னால் போய் நின்று திரும்பிப் பார்த்தேன். வாசலுக்கு நேராகப் புதுக் கோடு போட்டு, அதன் மேல் குனிந்து, இல்லாத மெஷின் மீது இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார்.

"அங்கேர்ந்து தெரியுதா?" என்று கேட்டார். "எண்ணிக்கோ."